போவதற்கு முன் படிக்கிற பாஷை

பாஷை படிப்பிக்கிற தொழிலில் ஒரு சிக்கல் உண்டு: ஒழுங்காகப் படிப்பித்தால் மாணவர் விமானம் ஏறிப் போய்விடுவார், படிப்பிக்காவிட்டால் அவர் முன் வாங்கிலேயே இருந்துகொண்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். டியூட்டரிகளில் வெண்கட்டித் தூளை விழுங்கிப் பிழைத்த எல்லாருக்கும் அந்தப் பார்வை தெரியும். அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்ல வருகிறேன்.

நான் படிப்பித்தது ஜெர்மன். இடம் கொழும்பில் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு மேல்மாடி. கரையோர ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும். அதுவரை வகுப்பே வாயை மூடிக்கொண்டிருக்கும். யுத்தம் தன் கடைசி வருஷங்களுக்குள் நுழைந்திருந்த காலம். ஜெர்மனியில் அப்போதுதான் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அங்கே இருக்கும் கணவனிடம் போய்ச் சேர விரும்பும் மனைவி, புறப்படுவதற்கு முன்னரே அடிப்படை ஜெர்மன் பரீட்சையில் பாஸாக வேண்டும். பாஸ் இல்லையென்றால் விசா இல்லை. வருகிறவர்களிடம் இப்படிக் கேட்பது சரியா பிழையா என்று ஒழுங்கை முழுவதும் கதைத்தார்கள். நான் மட்டும் கதைக்கவில்லை. அந்தச் சட்டத்தால்தான் எனக்கு வேலை கிடைத்திருந்தது.

அப்பாவின் கேள்வி

வடகொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில், கொச்சிக்கடைப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை இறக்குகிறவர். எனக்குப் பொருளியல் படிக்க ஆசை. இடம் நிரம்பிவிட்டது என்று வெளிநாட்டு மொழிகள் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே பிரெஞ்சும் நிரம்பியிருந்தது. ஜெர்மன் மட்டும் மிச்சம் கிடந்தது. இதை வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அப்பா குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துச் சொன்னேன். நாலு வருஷம் என்றும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்; படவில்லை. சிங்களமும் மலையாளமும் கப்பல்காரரின் இங்கிலீஷும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமலே கதைக்கிறவர் அவர். ஒரு பாஷைக்கு எதற்கு நாலு வருஷம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "ஏம்மா, அந்த நாட்டுக்காரன் எவனாச்சும் ஜிந்துப்பிட்டிக்கு வரப்போறானா?"

போகாத ஊருக்கு வழி

முதல் வகுப்பில் எட்டுப் பேர், எல்லாரும் கலியாணமான பெண்கள். ஆறு பேர் என்னைவிட மூத்தவர்கள். நான் அவர்களை அக்கா என்றேன், அவர்கள் என்னை மிஸ் என்றார்கள். முன் வாங்கில் இருந்தவர் தவமலர் அக்கா. யாழ்ப்பாணம், வயது முப்பத்திரண்டு. மாப்பிள்ளை குகன் ஜெர்மனியிலிருந்து பத்தொன்பது நாள் லீவில் வந்து, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டி, திரும்பிப் போயிருந்தார். அன்றிலிருந்து ஒன்றரை வருஷமாக அக்கா தகப்பனோடு ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்தது, ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பவர்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்று கதை அடிபட்டபடியால், இவர் என் வகுப்பு மாணவி என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் கைப்பையில் பொலிஸ் பதிவுத் துண்டோடு சேர்த்தே வைத்திருந்தார்.

தகப்பன் சதாசிவம் மாஸ்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதல் வாரம் முழுக்கக் குடையை மடியில் வைத்துக்கொண்டு பின் வாங்கில் இருந்து என் படிப்பித்தலைப் பார்த்தார். அங்கே குப்பையை நாலாகப் பிரித்துத்தான் போட வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவினால் பக்கத்து வீட்டார் ஏசுவார்களா என்றெல்லாம் மாணவிகள் கேட்பார்கள். பாடப் புத்தகத்துப் படங்களைப் பார்த்து வைத்திருந்த அறிவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாஸ்டர் எழுந்து, மிஸ் எத்தனை வருஷம் அங்கே இருந்தவர் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குப் பயம். உண்மை சொல்லவும் பயம். உண்மைக்கான பயம் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஒரு நாளும் போனதில்லை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் யாரையோ வழியனுப்ப, என்றேன். மாஸ்டர் குடையை ஒருதரம் தட்டிவிட்டுச் சொன்னார்: "கைலாயத்தைப் பாத்திட்டோ நாங்கள் தேவாரம் பாடினனாங்கள்? நீங்கள் நடத்துங்கோ."

விருந்துக் கடிதம்

எழுத்துப் பரீட்சைக்கு முப்பது சொல்லில் ஒரு கடிதம் வரும். புத்தகத்தில் இருந்த மாதிரி, சிநேகிதி ஒருத்தி சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள். நாங்கள் வருகிறோமா, எத்தனை பேர், என்ன கொண்டுவர வேண்டும் என்று பதில் எழுத வேண்டும். எட்டுப் பேரும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். சொல் தெரியாமல் இல்லை. கூப்பிட்டவரிடம் போய் நான் என்ன கொண்டுவர என்று கேட்பது எப்படி என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அங்கே அது மரியாதை என்றேன். முன்கூட்டியே தெரிந்தால் அளவாகச் சமைப்பார்கள், வீண் போகாது என்றேன். ஜெர்மன்காரர் என் சொந்தக்காரர் மாதிரி நின்று வாதாடினேன். கடைசியில் எல்லாரும் எனக்காக எழுதினார்கள். தவமலர் அக்கா கொப்பியை நீட்டும்போது மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சோறு காணுமோ எண்டு முதலே கணக்குப் பாக்கிற வீட்டில ஆர் மிஸ் வாய் வச்சுச் சாப்பிடுவினம்?"

தண்ணீர் கேட்பது

பரீட்சையின் வாய்மொழிப் பகுதியில் ஒரு கட்டம் உண்டு. நாலு பேரை மேசையைச் சுற்றி இருத்தி, படம் போட்ட அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். எடுக்கிற அட்டையில் என்ன இருக்கிறதோ அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்க வேண்டும். பேனை என்றால் பேனை, குடை என்றால் குடை. வகுப்பில் இதை விளையாட்டாகவே பழக்கியிருந்தேன். தவமலர் அக்கா அதில் கெட்டிக்காரி. ஒரு தடவை யன்னலைத் திறக்கச் சொல்லி என்னையே எழுப்பிவிட்டவர்.

பரீட்சையன்று அவருக்கு வந்தது தண்ணீர்க் கிளாஸ் படம். பக்கத்தில் இருந்தவர் நீர்கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒரு இளைஞர். அக்கா அட்டையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அடுத்த அட்டைக்கும் திறக்கவில்லை. நாலைந்து புள்ளிகளால் பரீட்சை போனது. பெறுபேறு வந்த அன்று, படிப்பித்தலில் எங்கே ஓட்டை விட்டேன் என்று தேடிப் பழைய குறிப்புகளையெல்லாம் புரட்டினேன். சொல் மறந்துவிட்டதா, பரீட்சகரைக் கண்டு பயமா என்று அக்காவைத் துருவித் துருவிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சொல்லெல்லாம் ஞாபகத்தில இருந்தது மிஸ். தெரியாத ஆம்பிளையிட்டத் தண்ணி கேக்க ஒரு மாதிரி இருந்தது."

சிப்பாய் கேட்டது

இரண்டாம் முறை பரீட்சைக்குப் பதிய நானும் அக்காவோடு போனேன். அவருக்குச் சிங்களம் தெரியாது. தனியாகப் பஸ் ஏறப் பயம். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என்னை அடையாள அட்டையோடு விட்டுவிட்டார்கள். அக்காவின் கைப்பையைத் திறந்தார்கள். சோதித்த சிப்பாய்க்கு என் வயதுகூட இருக்காது. உள்ளே இருந்த கொப்பியை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு வரியும் விளங்கவில்லை என்றார். எப்படி விளங்கும்? அக்கா ஜெர்மன் வசனங்களை முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். தமிழ் எழுத்தில், தமிழல்லாத ஏதோ ஒன்று, பக்கம் பக்கமாக. சங்கேதம் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை.

கலியாணம், கணவர், சட்டம், பரீட்சை எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லி, பாடப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். சிப்பாயின் முகம் மெல்ல இளகியது. கொப்பியைத் திருப்பித் தரும்போது, நங்கி, தங்கச்சி, என்று என்னைக் கூப்பிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு ஒன்று கேட்டார். இந்த அக்கா கொழும்புக்கு வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் என்கிறீர்கள். இனிமேல் போகப்போகும் நாட்டின் பாஷையைப் படிக்கிறவர், இருக்கிற இடத்தின் பாஷையை ஏன் படிக்கவில்லை? சிப்பாய்க்குத் தமிழ் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். அது அப்படிக் கேட்கிற இடமில்லை. சிரித்து வைத்தேன்.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, அவர் என்ன கேட்டார் என்று அக்கா விசாரித்தார். தமிழில் சொன்னேன். கொள்ளுப்பிட்டியில் அவர் கைப்பையைத் திறந்து கொப்பி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "ஜெர்மன்காரன் நாங்கள் அங்க போக முதல் கேக்கிறான் மிஸ். இவை நாங்கள் இங்க பிறந்த பிறகு கேக்கினம்."

சமையலறைக்குள் பதினாலு வருஷம்

ஒரு நாள் கீழே கொமியூனிகேஷனிலிருந்து எனக்குக் கோல் என்று கூப்பிட்டார்கள். மறுமுனையில் குகன். மனைவி ஏன் பெயிலானார், இன்னும் எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்கத்தான் எடுத்திருந்தார். குரலில் சூடு இருந்தது. பதினாலு வருஷம் அந்த நாட்டில் இருக்கிறவரிடம் என் படிப்பைக் காட்ட வேண்டும் என்ற பதற்றத்தில், பாடத்திட்டத்தை ஜெர்மனிலேயே விளக்கத் தொடங்கிவிட்டேன். மூன்று வசனம் சொல்லியிருப்பேன். பிறகு, கொஞ்சம் தமிழில் சொல்லும்படி மிகவும் பணிவாகக் கேட்டார்.

நான் வெட்கப்பட்டதைவிட அவர் அதிகம் வெட்கப்பட்டார். ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலையாம். கழுவு, வெட்டு, கெதியாக, சூடு, முடிந்தது, நாளைக்கு வா: அவருக்குத் தேவைப்பட்ட ஜெர்மன் அவ்வளவுதானாம். வந்த புதிதில் யாரும் படி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இரண்டு வேலைக்கு நடுவில் நேரமில்லை. டொக்டரிடம் போவதற்குக்கூட, பாஷை தெரிந்த கூட்டாளி லீவெடுக்கும் நாள் வரை நோயோடு காத்திருந்து, அவரைக் கூட்டிக்கொண்டு போவாராம். சூடாகக் கோல் எடுத்தவர், வைக்கும்போது வேறு மாதிரிச் சொன்னார்: "அவ வடிவாப் படிச்சிட்டே வரட்டும் மிஸ். வீட்டில ஒராளுக்காவது அந்தப் பாஷை தெரிய வேணும்."

மாஸ்டரின் அடிமட்டம்

இனி நான் என் பிழைக்கு வருகிறேன். வாய்மொழிப் பரீட்சை தன்னைப் பற்றிச் சொல்வதில்தான் தொடங்கும்: பெயர், வயது, இருப்பிடம், குடும்பம், பொழுதுபோக்கு. முதல் வாரத்திலேயே ஒரு மாதிரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். படிப்பிக்கிறவள் பலகையில் பொய் எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். ஆகவே என்னைப் பற்றிய உண்மைகளையே எழுதினேன். அவரவர் விவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். டியூட்டரியில் படித்தவர்களுக்குத் தெரியும், மாதிரி விடையில் கை வைத்தால் புள்ளி போகும் என்று நம்பித்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்.

முதல் பரீட்சை போன பிறகு வகுப்பில் நான் அட்டை கேட்கிற பகுதியையே விழுந்து விழுந்து பழக்கினேன். தன்னைப் பற்றிச் சொல்கிற பகுதியை மாஸ்டர் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவருக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. தமிழ் எழுத்தில் இருந்த கொப்பியை விரித்து, கோடு போடுகிற அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு, மகள் சொல்வது எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று இரண்டு மாதம் பின்னேரம் பின்னேரமாகப் பார்த்தார். ஒரு சொல் தடுக்கினால் முதலிலிருந்து. அக்கா தன் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் நான் எழுதியபடியே இருந்தன, அது எனக்கு அப்போது தெரியாது. சொல்லுகிறவரின் அப்பா உண்மையில் யார் என்று பரீட்சகர் பார்ப்பதில்லை. ஜெர்மன் சரியா என்றுதான் பார்ப்பார். பாஸ். அதுவும் நல்ல பாஸ். மாஸ்டர் கற்கண்டு சுற்றிய கடதாசிச் சரையோடு மாடியேறி வந்து அறிவித்தார்: "ஒரு சொல் பிசகேல்லை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

விசாவுக்குப் பத்திரங்கள் கொடுக்கப் போகிறவர்களிடம் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கேள்வி ஜெர்மனில் கேட்பது வழக்கம். சான்றிதழ் அவருடையதுதானா என்று பார்க்கத்தான். தவமலர் அக்கா போன அன்று நான் வகுப்பில் நிலைகொள்ளாமல் இருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு பெண் அதிகாரி கேட்டாராம். ஒன்றும் விடாமல் சொன்னாராம். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அங்கேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு ஒப்புவித்தார்.

என் பெயர் தவமலர். எனக்கு இருபத்துநாலு வயது. நான் ஜிந்துப்பிட்டியில் இருக்கிறேன். எனக்குக் கலியாணமாகவில்லை. என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலில் நடப்பது எனக்குப் பிடிக்கும். மூன்றாவது வசனத்திலேயே நான் வாங்கில் இருந்துவிட்டேன். என் வாழ்க்கை முழுவதும் ஓர் உச்சரிப்புப் பிழையும் இல்லாமல் முன்னால் நின்றது. கணவனிடம் போக விசா கேட்கிற பெண், தனக்குக் கலியாணமே ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அர்த்தம் அவருக்குத் தெரியாதா? தெரியும். மனப்பாடம் ஓடும்போது அர்த்தத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த அம்மா பிறகு ஏதாவது கேட்டாரா என்று கேட்டேன். பாடத்தைத்தான் ஒத்துப் பார்க்கிறார் என்று நினைத்த அக்கா இன்னும் சிரித்தபடி சொன்னார்: "திருப்பியும் கேட்டவ மிஸ், கலியாணம் ஆகேல்லையோ எண்டு. நான் ஓம் ஓம் எண்டனான்."

பிழை யாருடையது

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: திருமணம் பற்றி மேலதிக விளக்கம் தேவை, அதுவரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. போலிக் கலியாணம் என்று ஒருமுறை எழுதிவிட்டார்களானால் வருஷக் கணக்கில் இழுபடும் என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். மாணவி பதற்றத்தில் உளறிவிட்டார் என்று நான் சொல்லிவிடலாம். என் மாதிரி வசனங்கள்தான் காரணம் என்று தூதரகத்துக்கே எழுதினால், வகுப்பின் பெயர் கெடும், வேலை போகும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் லொட்ஜுக்குப் போனேன்.

மாஸ்டர் தேத்தண்ணீர் வரவழைத்தார். நான் கொப்பியை வாங்கி, அவர் இரண்டு மாதம் அடிமட்டம் வைத்துப் பார்த்த வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கலியாணமாகவில்லை என்ற இடத்தில் அவர் கண்ணை மூடினார். அடுத்த வரியைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தலைமையாசிரியரின் மகளை மூட்டை இறக்குகிறவரின் மகளாக்கி வைத்திருந்தேனே. அது ஆருடைய அப்பா என்று கேட்டார். என்னுடைய அப்பா என்றேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லும் சந்தர்ப்பத்தைத் தேடவில்லை. பிழை என்னுடையது, தூதரகத்துக்கு நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தேன். மாஸ்டர் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவரை மிஸ் என்றே கூப்பிட்டவர், அன்றுதான் வேறு மாதிரிக் கூப்பிட்டார்: "உங்கட அப்பா என்ர மேளைப் பாஸ் பண்ண வச்சிருக்கிறார், பிள்ளை. கெடுத்தது என்ர அடிமட்டம்."

சுவரில் ஒரு பிராணி

கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்து ஐந்தாம் தரம் அனுப்பினேன். இந்த வசனங்கள் என்னுடையவை, கலியாணமாகாதவள் நான்தான், துறைமுகத்தில் வேலை செய்கிறவர் என் அப்பா என்று எழுதி, என் அடையாள அட்டைப் பிரதியையும் வைத்தேன். பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மாதமும் அக்காவின் கொப்பியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் தன் கதையை, தனக்குத் தெரிந்த சொல்லில், பிழை பிழையாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அழுதார். இரண்டாம் வாரம் லொட்ஜ் தண்ணீர்ப் பைப்பைப் பற்றி ஒரு முறைப்பாடு சொன்னார். அதில் ஏழு பிழை இருந்தது. எனக்கு முழுக்க விளங்கியது.

தூதரகத்தில் அக்காவை மறுபடி கூப்பிட்ட அன்று நானும் மாஸ்டரும் எதிர்ப்பக்க மதில் நிழலில் நின்றோம். நாற்பது நிமிஷம். வெளியே வந்த அக்காவின் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே பெண் அதிகாரிதானாம். என் கடிதம் அவர் முன்னால் இருந்ததாம். உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாராம். பத்தொன்பது நாளில் என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னாராம்: கணவர் நல்லவர். கொஞ்சம் கோபம். தேத்தண்ணீருக்கு நிறையச் சீனி. ஒன்றுக்கு மட்டும் பயம். எதற்கு என்று கேட்டார்களாம். பல்லிக்கு ஜெர்மனில் சொல் தெரியவில்லை. அதற்காக அக்கா நிற்கவில்லை. சின்னப் பிராணி, சுவரில் இருக்கும், கதைக்கும், அது கதைத்தால் என் கணவர் ஓடுவார் என்றாராம். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். அக்கா மீதியை எங்களுக்குச் சொன்னார்: "'அதாலதானோ உங்கட மனுசன் எங்கட நாட்டுக்கு ஓடி வந்தவர்' எண்டு கேட்டவ மிஸ். எனக்கு வடிவா விளங்கினது. அதால இல்லை எண்டு சொன்னனான்."

மெதுவாக

விசா வந்தது. அன்று நான் பஸ்ஸில் இருந்தபடியே நித்திரையாகி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு மட்டக்குளி வரை போய்விட்டேன். அத்தனை மாதமாக அப்படி ஒரு நித்திரை எனக்கு வாய்த்ததில்லை. வகுப்பின் பெயரும் கெடவில்லை. உண்மையை எழுதினவள் என்று ஒழுங்கையில் எப்படியோ பரவி, புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்கு மாதிரி எழுதிப் போடுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொருவரையும் எழுப்பி அவரவர் கதையைக் கேட்கிறேன். நேரம் எடுக்கிறது.

ஆறு வாரம் கழித்து தவமலர் அக்கா கோல் எடுத்தார். முதலில் ஒரு முறைப்பாடு: அங்கே ஒருவரும் நான் படிப்பித்த ஜெர்மனைக் கதைக்கவில்லையாம். அந்தப் பக்கத்துப் பேச்சு வேறாம். கடைக்காரி சொல்வதும் புத்தகத்தில் இருந்ததும் யாழ்ப்பாணமும் ஜிந்துப்பிட்டியும் மாதிரியாம். அவசரமாக மன்னிப்புக் கேட்கப் போனேன்; அவர் விடவில்லை. முகவரி பதிகிற கந்தோருக்குப் போயிருந்தார்களாம். அதிகாரி சொன்னதில் பாதி விளங்கவில்லையாம். மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். அவரும் மெதுவாகச் சொன்னாராம். படிவத்தை அக்கா தானே நிரப்பிக் கையெழுத்து வைத்தாராம். அப்போது குகன் அண்ணா எங்கே என்று கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்தினார், சிரிப்பு மட்டும் தாழவில்லை: "இவர் எனக்குப் பின்னால நிண்டவர், மிஸ்."

குடிபோகிறவர்கள் போகிற நாட்டின் பாஷையைப் படித்துத்தான் ஆக வேண்டுமா என்று என்னைக் கேட்டால் படிக்கட்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் அந்தச் சட்டத்தில் சோறு சாப்பிடுகிறவள் சொல்கிற பதில் அது என்பதையும் நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.